ராத்திரி அழுகைக்கு ஒரு பாட்டில்: நாட்டிங்ஹாமிலிருந்து சிலமலை வரைக்கும்

உட்வர்ட்ஸ் விளம்பரம் ஞாபகம் இருக்கா மக்களே? குழந்தை அழுகும். என்னாச்சுன்னு ஒருத்தர் கேட்பார். அந்த வீட்டு அம்மா, அவங்க அம்மா, அவங்களுக்கும் அம்மான்னு ஒவ்வொரு தலைமுறையா வந்து, நாங்களும் இதைத்தான் குடுத்தோம்னு சொல்லிட்டுப் போவாங்க. நான் பொறந்தப்ப தூர்தர்ஷன் ராஜ்ஜியம் முடிஞ்சு கேபிள் வந்துடுச்சு. விளம்பரம் மட்டும் அப்படியே இருந்தது.

இப்ப எதுக்கு இந்தக் கொசுவத்தின்னா, எங்க வீட்டுல ரெண்டு மாசக் குழந்தை இருக்கா. ராத்திரி பன்னெண்டுக்கு ஒரு தடவை, ரெண்டரைக்கு ஒரு தடவை, அஞ்சுக்கு ஒரு தடவை எழுந்துக்கிறா. பால் குடுக்கிற டிபார்ட்மென்ட் தங்கமணியோடது. துணி மாத்துறது, ஏப்பம் வர வைக்கிறது, தோள்ல போட்டுக்கிட்டு ஹாலை அளக்குறது என்னோடது. போன் பண்ற சொந்தக்காரங்க அத்தனை பேரும் கேட்குற ஒரே கேள்வி, "கிரைப் வாட்டர் குடுத்தீங்களா?" டாக்டரம்மா திட்டவட்டமா சொல்லிட்டாங்க, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம்னு.

பொட்டி தட்டுறவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாரோ எப்பவோ எழுதின கோடு ஒண்ணு எல்லா இடத்துலயும் ஓடிக்கிட்டு இருந்தா, இதை முதல்ல எழுதினது யாரு, எந்தப் பிரச்சனைக்காக எழுதினாங்கன்னு தோண்டிப் பார்க்காம தூக்கம் வராது. தூக்கம் எப்படியும் வரப் போறதில்லை, தோண்டினேன். அது என்னை நேரா எங்க அம்மாச்சி ஊரான சிலமலைக்கு, போடிநாயக்கனூருக்குப் பக்கத்துல, ஏலமலை அடிவாரத்துல கொண்டு போய் நிறுத்தும்னு எதிர்பார்க்கல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1851. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ங்கிற ஊர். வில்லியம் உட்வர்ட்னு ஒரு மருந்துக்கடைக்காரர். கிழக்கு இங்கிலாந்துல ஃபென்ஸ்னு ஒரு பெரிய சதுப்பு நிலம் உண்டு. அங்க ஒரு குளிர் காய்ச்சல் நிரந்தரமா குடியிருந்தது. இன்னிக்கு அதை மலேரியான்னு சொல்றோம். அந்தக் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு டாக்டர்கள் குடுத்த ஒரு கலவை, வயித்து வலியில அழுகுற குழந்தைகளையும் அமைதியாக்கினதைப் பார்த்துட்டு இவர் தன்னோட மருந்தைத் தயார் பண்ணினார்னு சொல்றாங்க. சோயிக்கீரை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணி, கொஞ்சம் சாராயம். ஆமா, சாராயம்தான். பழைய கலவையில 3.6 சதவீதம் ஆல்கஹால். பீர்ல பாதிக்கும் மேல! 1876-ல பேரைப் பதிவு பண்ணிட்டார். பிரிட்டன்ல 1992 வாக்குலதான் ஆல்கஹாலை எடுத்தாங்க. அமெரிக்கா 1993-ல வெளியிலிருந்து வர்ற கிரைப் வாட்டரைத் துறைமுகத்துலயே நிறுத்தச் சொல்லிடுச்சு. இப்ப வர்றதுல ஆல்கஹால் இல்லைன்னு லேபிள்லயே போட்டிருப்பாங்க.

இந்தக் கதை மட்டும்னா விக்கிப்பீடியாவுல படிச்சுக்கலாம். எனக்குச் சுவாரசியமா பட்டது அந்த ஃபென்ஸ் பகுதி.

19-ம் நூற்றாண்டுல அந்தச் சதுப்பை வடிச்சு வயலாக்கினாங்க. வயல் வந்துடுச்சு, ஊர் வரல. களையெடுக்க, கல் பொறுக்க ஆள் வேணும். அதனால ஒரு கங்காணி ஊர் ஊரா போய் பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் கூட்டம் சேர்த்து, விடியக்காலையில ஓட்டிக்கிட்டுப் போவான். மைல் கணக்கா நடை. திரும்பி வர்றப்ப இருட்டிடும். கைக்குழந்தையை என்ன பண்றது? ஊர்ல வேலைக்குப் போக முடியாத ஒரு கிழவிகிட்ட விட்டுட்டுப் போறது. அந்தக் கிழவி பத்துக் குழந்தையைப் பார்த்துக்கணும். பால் இல்லை. அதுக்குன்னே கடையில ஒரு பாட்டில் இருந்தது, காட்ஃப்ரேஸ் கார்டியல்னு பேரு. அபினும் வெல்லப்பாகும் கலந்தது. ஒரு கரண்டி குடுத்தா குழந்தை பகல் பூரா தூங்கும். சாயங்காலம் அம்மா வந்ததும் முழிச்சுக்கும். அம்மா மறுநாள் விடியக்காலை எழுந்திருக்கணுமே, அதனால ராத்திரிக்கும் ஒரு கரண்டி.

அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகம். நல்ல காத்து இருக்கிற கிராமத்துல, மில் நகரம் மாதிரி குழந்தைங்க சாகுதே, ஏன்? 1860-கள்ல டாக்டர் ஜூலியன் ஹண்டரை அனுப்பிப் பார்க்கச் சொன்னாங்க. மலேரியாவா இருக்கும்னு நினைச்சு போனவங்களுக்குக் கிடைச்ச பதில் வேற. அம்மாக்கள் கூட்டம் கூட்டமா வயல் வேலைக்குப் போறதும், பால் இல்லாம அபின்ல குழந்தை கிடக்குறதும்தான் காரணம்னு அறிக்கை வந்தது. கார்ல் மார்க்ஸ் தன்னோட மூலதனத்துல இந்த அறிக்கையை எடுத்து ஆண்டிருக்கார். 1867-ல இந்தக் கூட்ட வேலைக்கு ஒரு சட்டம், 1868-ல அபின் விற்பனைக்கு ஒரு சட்டம் வந்தது.

இந்தப் பின்னணியில பார்த்தா உட்வர்ட் மேல எனக்குக் கோபம் வரல. அவர் பாட்டில்ல அபின் இல்லை. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய புண்ணியம். அமெரிக்காவுல 1849-லிருந்து வித்த மிஸஸ் வின்ஸ்லோ சிரப்புல மார்ஃபின் இருந்தது. 1906-ல உணவு மருந்துச் சட்டம் வந்து, உள்ள என்ன இருக்குன்னு லேபிள்ல எழுதுன்னு சொன்னப்புறம்தான் தாய்மாருங்களுக்கே தெரிஞ்சது.

(இடையில ஒண்ணு. பழைய உட்வர்ட்ஸ் படத்துல ஒரு குழந்தை ரெண்டு கையிலயும் பாம்பைப் பிடிச்சு நெரிக்கும். எங்க தெருவுல பாதிப் பேருக்கு அது கிருஷ்ணர்தான். அது ஹெர்குலிஸ். ஜோஷுவா ரெனால்ட்ஸ்ங்கிற ஓவியர் ரஷ்ய ராணி கேத்தரினுக்காக வரைஞ்சு குடுத்த படத்துலேர்ந்து வந்தது. கிரேக்கக் கதைப்படி, இதே ஹெர்குலிஸ் கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு தேவதைகிட்ட பால் குடிக்க, அவ பிடுங்கித் தள்ள, சிந்தின பால்தான் வானத்துல பால்வீதியாச்சாம். ராத்திரிப் பாலுக்கு இதைவிட பொருத்தமான லேபிள் கிடையாது! :-))

நம்ம ஊருக்கு வருவோம். இதே கதை அப்படியே பம்பாய் மில்களிலும் நடந்திருக்கு. 1920-கள் தொடக்கத்துல டாக்டர் பார்ன்ஸ்னு ஒரு பெண் மருத்துவர் மில் தொழிலாளிப் பெண்களைப் பத்தி விசாரிச்சு எழுதினாங்க. அநேகமா எல்லாக் கைக்குழந்தைக்கும் அபின் உருண்டை. 'பாலா கோலி'ன்னே அதுக்குப் பேரு. 1929-ல பம்பாயில மகப்பேறு உதவிச் சட்டம் வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் அந்தச் சட்டமன்றத்துல அதை ஆதரிச்சுப் பேசினவர்கள்ல அம்பேத்கரும் ஒருத்தர். 1931-ல வந்த விட்லி கமிஷன் அறிக்கையும் இந்த அபின் பழக்கத்தைக் குறிப்பிட்டு, மில்லுக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் வேணும்னு சொன்னது. சென்னை மாகாணத்துல 1934-ல மகப்பேறு சட்டம். ஆனா அதெல்லாம் ஃபேக்டரி கேட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு. மலையில வேலை பார்த்தவங்களுக்கு இல்லை.

கிரைப் வாட்டரை இந்தியாவுல வீட்டுக்கு வீடு கொண்டு போனது, 1928-ல சென்னையில டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஆரம்பிச்ச டிடிகே. பின்னாடி மத்திய நிதியமைச்சரா இருந்தாரே, அவரேதான்.

பாட்டில் வர்றதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒண்ணும் இல்லாம இல்லை. வசம்பு. 'பிள்ளை வளர்ப்பான்'னு பேரே வச்சிருக்கோம். ராத்திரியில வசம்புன்னு வாய்விட்டுச் சொல்லக் கூடாதுன்னு 'பேர் சொல்லாதது'ன்னும் சொல்லுவாங்க. விளக்குல சுட்டு, தாய்ப்பால்ல உரசி, நாக்குல தடவுறது. கூடவே ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய்னு உரை மருந்து. ஜாதிக்காய் கொஞ்சம் கூடினா குழந்தை அசந்து தூங்கும்னு எல்லாப் பாட்டிக்கும் தெரியும். வசம்புல இருக்கிற அசரோன்ங்கிற பொருளுக்காக அமெரிக்கா 1968-லயே அதை உணவுல சேர்க்கத் தடை போட்டுடுச்சு. 'அந்தக் காலத்துல எல்லாம் இயற்கை'ன்னு ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு இதைச் சொன்னா சண்டைக்கு வர்றாங்க. எனக்கென்ன, பாட்டில்ல இருந்தாலும் உரைகல்லுல இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்: யாரு தூங்குறதுக்காக இது?

ராத்திரி எழுந்துக்கிறது வியாதியே இல்லைங்கிறது இப்ப தெளிவாத் தெரியும். குழந்தைக்குப் பகல் ராத்திரி வித்தியாசம் உடம்புல பதியவே ரெண்டு மூணு மாசம் ஆகும். வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரிச்சுடும். வயித்து வலி அழுகைன்னு சொல்றதுக்கு 1954-ல வெசல்னு ஒரு டாக்டர் ஒரு கணக்கு வச்சார்: ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல, வாரத்துல 3 நாளைக்கு மேல, 3 வாரத்துக்கு மேல. அதுவும் ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போய், மூணு நாலு மாசத்துல தானா அடங்கிடும். அப்ப எந்த மருந்து கையில இருந்ததோ அதுக்குப் பேர் கிடைக்கும்!

இன்னொரு விஷயம்தான் முக்கியம். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின்ங்கிற ஹார்மோன் ராத்திரியிலதான் அதிகம். ராத்திரி குழந்தை குடிச்சா, மறுநாளைக்குப் பால் ஊறும். ராத்திரிப் பாலை நிறுத்தினா மெல்ல மெல்ல பகல் பாலும் குறையும். பகல்ல அம்மா பக்கத்துல இல்லாத குழந்தைக்கு இது இன்னும் பெரிய விஷயம். அந்தக் குழந்தை பகல்ல விட்டதை எல்லாம் ராத்திரியில பிடிக்கும்.

இதை நான் தங்கமணிகிட்ட பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்லிக்கிட்டு இருந்தப்ப, ஸ்பீக்கர்ல அம்மாச்சி இருந்தாங்க. "பகல் பூரா ஆத்தா மூஞ்சியப் பாக்காத பிள்ள ராத்திரி குடிக்காம வேற எப்பச் சாமி குடிக்கும்?" அப்படின்னாங்க.

அதுக்கப்புறம் தினமும் ராத்திரி பேசினோம். அம்மாச்சி சொன்னதை என் வார்த்தையில எழுதுறேன்.

என் பெரியம்மாவும் எங்க அம்மாவும் பொறந்தப்ப, 1970-களோட முதல் பாதி, அம்மாச்சி மலையிலேயே தங்கி ஏலத்தோட்டத்துல வேலை பார்த்தாங்க. இங்கேயிருந்து மேல போகணும்னா போடிமெட்டு வழி, இல்லைன்னா தேவாரத்துக்கு மேல சாக்கலூத்து மெட்டு ஏறி நடக்கணும். போனா மாசக்கணக்குல லயத்துல தங்கல். ஏலச்செடி நிழல்ல வளர்றது, அதனால தோட்டம் பூரா மரம் நிக்கும். தாழ்ந்த கிளையில சேலையில ஏணை கட்டி, பெரியம்மாவை அதுல போட்டுட்டு களையெடுப்பாங்க. அழுதா போய் பால் குடுத்துட்டு வர்றது. அட்டை கடிக்கும், பனி, மழை, கங்காணி ஏசுறது எல்லாம் உண்டு. ஆனா பால் பகல்லயே நடந்துடும். "அந்த ரெண்டும் ராத்திரில ஒரு வாட்டிதான் எந்திரிக்கும்."

கடைசி மாமா பொறந்தது 1981. அப்ப ஜீப் வந்துடுச்சு. விடியறதுக்கு முன்னாடி ஊர்ல ஏறினா, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, கேரளாவுல போய் இறங்கி வேலை பார்த்துட்டு, சாயங்காலம் வீடு. ஊரோட இருக்கலாம், மத்த பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகலாம்னு எல்லாருக்கும் ஜீப் பிடிச்சிருந்தது. கைக்குழந்தையை ஜீப்புல நெரிசல்ல கொண்டு போக முடியாது. மாமா மூணு மாசத்துலேர்ந்து என் பூட்டிகிட்ட கீழே. ஆட்டுப்பால்ல தண்ணி கலந்து பாலாடையில ஊத்தியிருக்காங்க.

மேல அம்மாச்சிக்குப் பத்து மணிக்கெல்லாம் பால் கட்டிக்கும். கல்லு மாதிரி. ஏலச்செடி மறைவுல உட்கார்ந்து பீச்சி விட்டுட்டு வந்து வேலையைத் தொடர்றது. மத்தியானம் ஒரு தடவை, ஜீப் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை. கூட வேலை பார்த்த பொண்ணுங்களும் அப்படித்தான். இதை அவங்க சொன்ன தொனியில வருத்தமே இல்லை, களையெடுத்தோம்னு சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி என்னவோ பண்ணுச்சு. (பாலை வத்த வைக்க நெஞ்சுல மல்லிகைப்பூ வச்சுக் கட்டுற வழக்கம் உண்டில்லையா? 1988-ல வேலூர் சிஎம்சி-யில அதை மாத்திரையோட ஒப்பிட்டுச் சோதிச்சு, வேலை செய்யுதுன்னு கட்டுரை போட்டிருக்காங்க. அம்மாச்சி அதைப் பண்ணல. ராத்திரிக்குப் பால் வேணுமே.)

ராத்திரி மாமா விடவே மாட்டாராம். ஏழு மணிக்குப் பிடிச்சா விடியற வரைக்கும். படுத்துக்கிட்டே குடுப்பாங்க. நாலு மணிக்கு எழுந்து சோறாக்கிக் கட்டிக்கிட்டு ஓடணும். ரெண்டு மாசம் இப்படிப் போச்சு. அப்புறம் யாரோ சொல்லி, போடியிலேர்ந்து கிரைப் வாட்டர் பாட்டில் வந்தது. "குடுத்தா ரெண்டு மூணு மணி நேரம் அசரும். பிள்ளைக்கு வயித்து வலி இல்லன்னு எனக்குத் தெரியும் சாமி. நாந்தேன் தூங்கணும். தூங்காம போயி அருவா பிடிச்சா கையில போட்டுக்கிருவேன்ல?"

ஆறாவது மாசம் பால் வத்திப்போச்சு. கண்ணு பட்டுருச்சுன்னு அம்மாச்சி இன்னிக்கும் நம்புறாங்க. புரோலாக்டின் கதையை நான் அவங்ககிட்ட எடுத்து விடல.

இப்ப சட்டப் புத்தகத்தைப் பார்ப்போம். 1951-ல தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனான்னு பேர் சொல்லிப் போட்டாங்க. ஏலம் அந்த வரியில இல்லை. மாநில அரசு நினைச்சா சேர்க்கலாம்னு ஒரு கதவு மட்டும் விட்டிருந்தாங்க. 1981 திருத்தத்துலதான் ஏலக்காய்ங்கிற வார்த்தையே உள்ள வந்தது. மாமா பொறந்த அதே வருஷம். அப்பவும் 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் இருந்தாத்தான் சட்டம் பொருந்தும். காப்பகம் வைக்க 50 பெண்கள், இல்லைன்னா 20 குழந்தைங்க இருக்கணும். ஏலத்துல பெரும்பாலும் சின்னச் சின்னத் தோட்டம். அப்படியே காப்பகம் இருந்தாலும் அது மலை மேல, பிள்ளை மலைக்குக் கீழ. 1956-ல மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போச்சு. அதனால வேலை ஒரு மாநிலத்துல, தொட்டில் இன்னொரு மாநிலத்துல.

1961 மகப்பேறு சட்டம் குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் வேலை நேரத்துல ரெண்டு தடவை பால் குடுக்க இடைவேளை குடுன்னு சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனா பதினஞ்சு நிமிஷத்துல போடிமெட்டு இறங்கி ஏற முடியுமா? அம்மாச்சிக்கு அந்த இடைவேளை செடி மறைவுல, சம்பளத்துல பிடிக்காத அளவுக்குச் சீக்கிரமா முடிஞ்சது. 2017 திருத்தத்துக்கு அப்புறம் தங்கமணி மாதிரி கம்பெனி வேலை பார்க்குறவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு கிடைச்சது. அதனாலதான் எங்க வீட்டுல டாக்டரம்மா 'ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்'னு சொன்னா, சரின்னு தலையாட்ட முடியுது. 2001-லேர்ந்து உலக சுகாதார நிறுவனம் சொல்ற அந்த ஆறு மாசமும் இந்த 26 வாரமும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு, கவனிச்சீங்களா? தினக்கூலிக்கு ஜீப் ஏறுறவங்களுக்கு அந்த லீவை யாரு குடுப்பா?

அந்த இடத்துல தமிழ்நாட்டுல ஒண்ணு நடந்திருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல 1987-லேர்ந்து மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2006-ல 6000 ரூபாய், 2011-ல 12,000, 2018-ல 18,000-ன்னு ஏறினது. ஏழைப் பெண் பிரசவத்தை ஒட்டி கூலியை விட்டுட்டு வீட்டுல இருக்கணும்ங்கிறதுதான் அதோட அடிப்படைக் கணக்கு. ஆறு மாசக் கூலிக்கு ஈடாகாதுதான். ஆனா கிரைப் வாட்டர் குடுக்காதேன்னு வால்போஸ்டர் ஒட்டுறதை விட இந்தப் பணம்தான் பாட்டிலுக்கு உண்மையான பதில்னு எனக்குத் தோணுது. 2015-ல பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார் பாலூட்டும் அறை திறந்தாங்க. அதுவும் நல்லதுதான், ஜீப் கிளம்புற முக்குல ஒண்ணும் இல்லைன்னாலும்.

மாமா நல்லாத்தான் இருக்கார். ஆட்டுப்பால்ல வளர்ந்த உடம்புன்னு பெருமை வேற. போடியில ஏலக்காய் ஏலம் நடக்குற இடத்துல வேலை. இன்னிக்கும் விடியக்காலையில சிலமலை முக்குல ஜீப் நிக்குது. அதுல ஏறுறவங்கள்ல யாருக்காவது கைக்குழந்தை இருக்கான்னு அம்மாச்சிகிட்ட கேட்டேன். "ரெண்டு பேரு இருக்காளுக"ன்னாங்க. ஒருத்தி குழந்தைக்கு நாலு மாசம்.

தேயிலைத் தோட்டப் பக்கம் கதை வேற மாதிரி இருந்திருக்கும். அங்க குடியிருப்பும் வேலையும் ஒரே மலையில. இலங்கை மலையகத்துல பிள்ளை மடுவம், மலேயா ரப்பர் தோட்டத்துல ஆயாக் கொட்டகைன்னு இதுக்குன்னே இடம் இருந்திருக்கு. கொழுந்து எடுக்குற நடுவுல அம்மா வந்து பால் குடுத்துட்டுப் போக நேரம் விட்டாங்களா, எவ்வளவு நேரம், ஆயா பாலாடையில என்ன ஊத்தினாங்க? வால்பாறை, ஹட்டன், ஈப்போ பக்கத்து ஆளுங்க உங்க பாட்டிங்ககிட்ட கேட்டு எழுதுங்களேன். அடுத்த ஆள் எழுந்துட்டா, நான் துணி மாத்தப் போறேன்.